இலக்கத்தை இழக்காமல் கம்பனி மாறுவது எப்படி?

(அன்றாட வாழ்வுக்கு வேண்டிய அறிவு – ஒரு பாடம்)



எமது செய்தி மடலில் வரிப் பத்திரம் நிரப்புதல், ஓய்வூதியம், பாடசாலை அனுமதி எனப் பல விடயங்களைப் பற்றி எழுதி வந்துள்ளோம். இம்முறை எம் எல்லோருடைய கையிலும் இருக்கும் ஒரு சிறு கருவியைப் பற்றி எழுதுகிறோம். கைத்தொலைபேசிக் கம்பனியை மாற்றும்போது பழைய இலக்கத்தையும் பழைய கருவியையும் வைத்துக்கொள்வது எப்படி என்பதே இப்பாடத்தின் பொருள். பிரித்தானியாவில் உள்ள நடைமுறையையே இங்கு விளக்குகிறோம். வேறு நாடுகளில் விதிகள் வேறாக இருக்கும்.

இதை எழுதத் தூண்டிய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். ஏனெனில் அதில் எமது பிழையும் உண்டு.

நாம் செய்த தவறு

2023 ஆம் ஆண்டு கோடை காலத்தில், எம்மோடு நீண்ட காலம் பழகிய ஓர் அம்மா மூன்று மாதம் ஊருக்குப் போய்வர ஆயத்தமானார். "தம்பி, நான் இஞ்ச இல்லாத மூண்டு மாசத்துக்கும் ஏன் சும்மா காசு கட்டுவான்? என்ன செய்யலாம்?" என்று எம்மிடம் கேட்டார். நாமும் அதிகம் யோசிக்காமல், "கொன்ட்ராக்டை நிற்பாட்டுங்கோ அம்மா. திரும்பி வந்து மலிவான சிம் ஒன்று எடுக்கலாம். போன் உங்களுடையதுதானே" என்று சொல்லிவிட்டோம். அவருடைய மகனும் கம்பனிக்கு அழைத்து ஒப்பந்தத்தை இரத்துச் செய்தார்.

ஐப்பசியில் அம்மா திரும்பி வந்தபோது கருவி இருந்தது, இலக்கம் இல்லை. இருபது வருடமாக வைத்திருந்த இலக்கம் அது. கம்பனியோடு பேசினோம். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள்: ஒப்பந்தம் முடிந்து நாட்கள் கடந்துவிட்டன, அந்த இலக்கத்தை இனித் திருப்பித் தர வழியில்லை என்றார்கள். வங்கி அனுப்பும் இரகசிய எண் அவருக்கு வரவில்லை. வைத்தியசாலைத் திகதி ஒன்று தவறிப்போனது. இவற்றையெல்லாம் ஒருவாறு சரிசெய்தோம். ஆனால் அடுத்த தை மாதம் கிளிநொச்சியில் இருந்த அவருடைய தமையனாரை அவசரமாக வைத்தியசாலையில் சேர்த்தபோது, பெறாமகள் சுவரில் எழுதியிருந்த பழைய இலக்கத்துக்கே இரண்டு நாள் விடாமல் அழைத்திருக்கிறாள். செய்தி வேறொரு உறவினர் மூலம் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தது. கடவுள் புண்ணியத்தில் தமையனார் பிழைத்துக்கொண்டார். ஆயினும் "சத்திரசிகிச்சைக்கு முன்னம் ஒரு வார்த்தை கதைக்க முடியாமல் போச்சே" என்று அம்மா சொன்னது இன்னும் எம் காதில் நிற்கிறது.

அவர் எம்மைக் குறை சொல்லவில்லை. நாம்தான் எம்மைக் குறை சொல்லிக்கொண்டோம். ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் அந்த இலக்கம் அவரிடமே இருந்திருக்கும்.

முதலாவது பாடம்: மூன்றும் வேறு வேறு

எம்மவரில் பலர் கருவி, இலக்கம், ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே எண்ணுகின்றனர். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கருவி என்பது நீங்கள் வாங்கிய பொருள். முழுப் பணமும் கட்டி முடிந்தால் அது உங்களுடையது.

இலக்கம் என்பது 07 இல் தொடங்கும் பதினொரு எண்கள். அதைப் பாவிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வேறு கம்பனிக்குப் போகும்போது அதைக் கூடவே கொண்டுபோகும் உரிமையும் உண்டு. ஆனால் அந்த உரிமையைக் கேட்டுப் பெறவேண்டும். கேட்காமல் ஒப்பந்தத்தை முறித்தால் இலக்கம் கைநழுவிப் போகும்.

ஒப்பந்தம் என்பது மாதாமாதம் பணம் கட்டிச் சேவை பெறும் உடன்படிக்கை. அதற்குத் தொடக்கமும் குறைந்தபட்சக் காலமும் உண்டு.

சிம் அட்டை என்பது இவற்றை இணைக்கும் ஒரு திறப்பு மாத்திரமே. சிம் அட்டையைப் பத்திரமாக அலுமாரியில் வைத்திருந்தால் இலக்கமும் பத்திரமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். இலக்கம் இருப்பது கம்பனியின் கணினியில்.

சிறிது வரலாறு

பிரித்தானியாவில் கைத்தொலைபேசிச் சேவை 1985 இல் ஆரம்பமானது. 1990களில் எம்மவர் பலர் முதன்முதலாகக் கைத்தொலைபேசி வாங்கியபோது செல்நெட், வொடபோன், வன்-ரு-வன், ஒரேஞ்ச் ஆகிய பெயர்களே கடைகளில் இருந்தன. அக்காலத்தில் கம்பனியை மாற்றினால் இலக்கமும் மாறும். புது இலக்கத்தைத் துண்டுகளில் எழுதிக் கலியாண வீடுகளில் கொடுத்துத் திரிந்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். 1999 இல்தான் இலக்கத்தைக் கொண்டுசெல்லும் வசதி வந்தது.

ஆரம்பத்தில் அது இலகுவாக இருக்கவில்லை, பல நாட்கள் எடுத்தன. 2011 சித்திரை முதல், ஒரு வேலை நாளுக்குள் இலக்கத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அப்போதும் பழைய கம்பனிக்குத் தொலைபேசியில் அழைத்தே குறியீட்டைப் பெறவேண்டியிருந்தது. அவர்கள் "ஏன் போகிறீர்கள், சலுகை தருகிறோம்" என்று நெடுநேரம் பிடித்து வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் தடுமாறும் எம் பெரியவர்கள் பாதியிலேயே போனை வைத்துவிடுவார்கள். தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஒவ்கொம் 2019 ஆடி 1 ஆம் திகதி முதல் இதை மாற்றியது. இன்று ஒருவரோடும் பேசாமல், ஓர் இலவசக் குறுஞ்செய்தி மூலம் காரியத்தை முடிக்கலாம்.

இரண்டாவது பாடம்: மூன்று குறுஞ்செய்திகள்

இந்த மூன்றையும் வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். மூன்றையும் நீங்கள் மாற்ற விரும்பும் கைத்தொலைபேசியில் இருந்தே அனுப்ப வேண்டும்.

(1) ஆங்கில எழுத்துக்களில் ஐ-என்-எஃப்-ஓ என எழுதி 85075 க்கு அனுப்பினால் தகவல் மட்டும் வரும். இப்போது விலகினால் எவ்வளவு கட்டவேண்டும் என்பதும், முன்பணச் சிம் ஆனால் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதும் தெரியும். இதனால் எதுவும் மாறாது. பயமின்றி அனுப்பலாம்.

(2) பி-ஏ-சி என எழுதி 65075 க்கு அனுப்பினால் இலக்கத்தைக் கொண்டுபோவதற்கான குறியீடு வரும். இதைக் கடைகளில் 'பக் கோட்' என்பார்கள். மூன்று எழுத்துக்களும் ஆறு எண்களும் கொண்டது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். 30 நாட்களுக்குச் செல்லும்.

(3) எஸ்-ரி-ஏ-சி என எழுதி 75075 க்கு அனுப்பினால் வேறொரு குறியீடு வரும். இது இலக்கத்தை விட்டுவிட்டு கம்பனி மாறுவோருக்கு உரியது.

இரண்டாவதும் மூன்றாவதும் கேட்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒன்று இலக்கத்தைக் காக்கும், மற்றது இலக்கத்தைத் தொலைக்கும். எம் வாசகர்களுக்கு வேண்டியது 65075 தான்.

பக் கோட் கேட்டதால் மட்டும் ஒப்பந்தம் முடிந்துவிடாது. அதைப் புதுக் கம்பனியிடம் கொடுத்து இலக்கம் மாறும்போதுதான் பழையது முடியும். முப்பது நாள் கடந்தும் கொடுக்காவிட்டால் குறியீடு காலாவதியாகிவிடும், பழைய ஒப்பந்தம் முன்போலவே தொடரும். மனம் மாறினால் பேசாமல் விட்டுவிடலாம்.

குறுஞ்செய்தி அனுப்ப இயலாதவர்கள் கம்பனிக்கு அழைத்தோ அவர்களது இணையக் கணக்கிலோ இதே குறியீட்டைப் பெறலாம். ஒரே கணக்கில் பிள்ளைகளின் இலக்கங்களும் சேர்ந்திருந்தால் அழைத்துப் பேசுவதே தெளிவு.

மூன்றாவது பாடம்: கணக்குப் பார்த்தல்

கம்பனி மாறுவது எப்போதும் இலாபம் என்று சொல்லமாட்டோம். மூன்று உதாரணங்களைப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை.

உதாரணம் 1: ஒருவர் கருவியும் சேவையும் சேர்த்து மாதம் 36 பவுண் வீதம் 24 மாத ஒப்பந்தம் செய்தார். 24 மாதமும் முடிந்துவிட்டது. கருவிக்கான பணம் கட்டி முடிந்தும் அவர் கவனிக்காமல் 36 பவுணே கட்டி வருகிறார். அதே கருவியை வைத்துக்கொண்டு 10 பவுணுக்குச் சிம் மட்டும் எடுத்தால் மாதம் 26 பவுண் மீதம். வருடத்துக்கு 312 பவுண். இவர் உடனே மாறவேண்டும்.

உதாரணம் 2: இன்னொருவருக்கு அதே ஒப்பந்தத்தில் 5 மாதம் மீதி. 85075 க்கு அனுப்பிக் கேட்டபோது, விலகுவதானால் 110 பவுண் கட்டவேண்டும் என்று பதில் வந்தது. இருந்தால் 5 × 36 = 180 பவுண். விலகினால் 110 உடன் புதுச் சிம் 5 × 10 = 50 சேர்த்து 160 பவுண். மீதம் 20 பவுண் மாத்திரமே. அவசரமில்லாவிட்டால் பொறுத்திருக்கலாம்.

உதாரணம் 3: சில கம்பனிகள் கருவிக்குத் தனிக் கடனும் சேவைக்குத் தனி ஒப்பந்தமும் எழுதுகின்றன. சேவை ஒப்பந்தம் 24 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. ஆனால் கருவிக் கடன் 36 மாதம் வரையும் போகலாம். சேவையை நிறுத்தினாலும் கடன் நிற்காது. சேவையை விட்டு விலகினால் மீதிக் கடன் முழுவதையும் ஒரே தடவையில் கட்டச் சொல்லும் கம்பனிகளும் உண்டு. எனவே இப்படியான ஒப்பந்தம் உள்ளவர்கள், பக் கோட்டைப் பாவிக்க முன்னர் இதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

ஒப்பந்தம் முடியும் திகதியை எப்படி அறிவது? 2020 மாசி முதல், குறைந்தபட்சக் காலம் முடிவதற்கு 10 முதல் 40 நாட்கள் முன்னதாகக் கம்பனியே அறிவித்தல் அனுப்ப வேண்டும். எம்மவர் பலர் அதை விளம்பரம் என்று எண்ணி அழித்துவிடுகின்றனர். இனி வாசித்துவிட்டு அழியுங்கள்.

முன்பு விலகுவதானால் 30 நாள் முன்னறிவித்தல் கொடுத்து, அந்த நாட்களுக்கும் பணம் கட்டவேண்டும். பழைய கம்பனிக்கும் புதிய கம்பனிக்கும் ஒரே மாதத்தில் கட்டியவர்கள் பலர். 2019 விதியின்படி, இலக்கம் மாறிய நாளுக்குப் பின்னர் முன்னறிவித்தல் காலத்துக்கென்று பணம் அறவிட முடியாது. எனவே "முதலில் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கவேண்டும்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நோட்டீஸும் கொடுக்க வேண்டாம், இரத்தும் செய்ய வேண்டாம். பக் கோட்டே எல்லாவற்றையும் செய்யும்.

நான்காவது பாடம்: கருவி ஒத்துவருமா?

பழைய கருவியையே வைத்திருக்க விரும்புவோர் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கருவி பூட்டப்பட்டதா என்பது. 2021 மார்கழி 17 ஆம் திகதிக்குப் பின்னர் பிரித்தானியக் கம்பனிகள் பூட்டிய கருவிகளை விற்க முடியாது. அதற்கு முன் வாங்கியதாயின் பூட்டப்பட்டிருக்கலாம். சோதிக்க இலகுவான வழி, வேறு கம்பனியின் சிம் வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் அதை இரவல் வாங்கி உங்கள் கருவியில் போட்டுப் பார்ப்பதுதான். அழைப்புப் போனால் பூட்டில்லை. 'இந்தச் சிம் செல்லாது' என்றோ திறக்கும் எண் தா என்றோ கேட்டால் பூட்டுண்டு. பழைய கம்பனியை விட்டு விலக முன்னரே அவர்களிடம் திறக்கும் எண்ணைக் கேளுங்கள். விலகிய பின் கேட்பது சிரமம்.

இரண்டாவது, கருவியின் வயது. பிரித்தானியாவில் மூன்றாம் தலைமுறை அலைவரிசையை, அதாவது 3ஜீ சேவையை, கம்பனிகள் 2024 முதலாக ஒவ்வொன்றாக மூடிவிட்டன. எனவே 4ஜீ உள்ள கருவியாக இருப்பது நல்லது. 4ஜீ இருந்தால் மட்டும் போதாது, 4ஜீ வழியாகக் குரல் அழைப்பு எடுக்கும் வசதியும் வேண்டும். ஊரிலோ டுபாயிலோ வாங்கிவந்த சில கருவிகளில் இணையம் நன்றாக வேலை செய்யும், ஆனால் இங்குள்ள எல்லாக் கம்பனிகளிலும் இந்த அழைப்பு வசதி கிடைக்காமல் போகலாம். புதுக் கம்பனியிடம் கருவியின் மாதிரிப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கருவிக்குரிய தனி எண்ணைக் கேட்டால் *#06# என்று அழுத்துங்கள், திரையில் 15 எண்கள் தோன்றும்.

ஐந்தாவது பாடம்: எந்தக் கம்பனி?

நாம் எந்தக் கம்பனிக்கும் விளம்பரம் செய்யவில்லை. ஆனால் ஓர் உண்மையை அறிந்திருப்பது நல்லது. கடைகளில் எத்தனையோ பெயர்கள் இருந்தாலும், சொந்தக் கோபுரம் வைத்து அலைவரிசை நடத்தியவை ஈஈ, ஓ2, வொடபோன், த்ரீ ஆகிய நான்குமே. இவற்றில் வொடபோனும் த்ரீயும் 2025 வைகாசி இறுதியில் ஒரே நிறுவனமாக இணைந்தன. மற்றவை இவற்றிடம் சேவையை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பவை. கிவ்கவ், ரெஸ்கோ மொபைல் ஆகியன ஓ2 கோபுரங்களைப் பாவிக்கின்றன. ஸ்மார்ட்டி த்ரீயினது. வொக்ஸியும் லெபாராவும் வொடபோன் வழியாக வருகின்றன. இந்த லெபாரா 2001 இல் எம்மவர் மூவர் தொடங்கியது என்பதும், 2017 இல் வேறு கைக்கு மாறியது என்பதும் பலருக்குத் தெரிந்ததே.

இதனால் வரும் பயன் என்ன? இப்போது உங்கள் வீட்டில் ஓ2 நன்றாகக் கேட்குமானால், அதே கோபுரத்தைப் பாவிக்கும் மலிவான கம்பனியும் அநேகமாக அதேபோல் கேட்கும். வேறு கோபுரத்துக்கு மாறுவதானால் அந்த அலைவரிசையின் முன்பணச் சிம் ஒன்றை முதலில் எடுத்து, சமையலறை, படுக்கையறை, வேலைத்தலம், கோயில் மண்டபம் என்று நீங்கள் புழங்கும் இடமெல்லாம் சில நாள் சோதித்துப் பாருங்கள். ஒவ்கொம் அமைப்பின் இணையத்தளத்திலும் உங்கள் தபாற் குறியீட்டைக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஒப்பந்தம் எடுக்கும்போது இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலாவது: "இடையில் விலை ஏறுமா?" 2025 தை 17 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில், ஏறுவதானால் எத்தனை பவுண், எத்தனை பென்ஸ், எப்போது என்று முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். பணவீக்கத்தோடு சேர்த்து ஏற்றுவோம் என்று மூடுமந்திரமாக எழுதமுடியாது. இரண்டாவது: "மாதாமாதம் விலகக்கூடிய திட்டம் உண்டா?" ஒரு மாதச் சிம் ஒப்பந்தம் சிறிது விலை கூடினாலும், ஊருக்கு அடிக்கடி போய்வருவோருக்கு ஏற்றது. யுனிவேர்சல் கிரெடிட் அல்லது ஓய்வூதியக் கிரெடிட் பெறுவோர், சலுகைக் கட்டணத் திட்டம் உண்டா என்றும் கேட்க வேண்டும். அதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

தொலைபேசி மூலமோ இணையம் மூலமோ எடுத்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் மனம் மாறி விலக்கிக்கொள்ள உரிமை உண்டு. பாவித்த அளவுக்குப் பணம் கேட்கலாம், அவ்வளவுதான்.

ஆறாவது பாடம்: மாறும் நாள்

படிமுறையாகச் செய்யுங்கள்.

1. சிம் அட்டையில் சேமித்துள்ள பெயர்களையும் இலக்கங்களையும் கருவியின் நினைவகத்துக்கு மாற்றுங்கள். முக்கியமான பத்து இலக்கங்களைக் கொப்பியிலும் எழுதுங்கள். குரற்பதிவுப் பெட்டியில் பாதுகாக்க வேண்டிய செய்தி இருந்தால், அது பழைய கம்பனியோடு போய்விடும். அதை வேறொரு கருவியில் பதிந்து வையுங்கள்.

2. புதுச் சிம் கையில் வந்த பின்னரே பக் கோட்டை எடுங்கள். புதுச் சிம்முக்கு ஒரு தற்காலிக இலக்கம் இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், உங்கள் இலக்கம் வந்ததும் அது மறைந்துவிடும்.

3. பக் கோட்டையும் உங்கள் இலக்கத்தையும் புதுக் கம்பனிக்குக் கொடுங்கள். வழமையாக அடுத்த வேலை நாளில் இலக்கம் மாறும். வெள்ளிக்கிழமை கொடுத்தால் திங்கள் வரை காத்திருக்க நேரும். வங்கி விடுமுறை வந்தால் செவ்வாய். ஆகவே திங்கள் முதல் புதன் வரையான நாட்களில் கொடுப்பது நன்று.

4. மாறும் வரை பழைய சிம்மே கருவியில் இருக்கட்டும். அது செத்துப்போய் 'சேவை இல்லை' என்று காட்டும்போது புதுச் சிம்மைப் போட்டு, கருவியை ஒரு தடவை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள்.

5. அன்றைய சில மணி நேரம் நீங்கள் எடுக்கும் அழைப்புப் போகும், உங்களுக்கு வரும் அழைப்பு வராது, அல்லது மறுவளமாக இருக்கும். இது வழமையானது. வைத்தியரின் அழைப்பையோ வங்கி அலுவலையோ அந்த நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

6. வட்ஸ்அப் உங்கள் இலக்கத்தோடு இணைந்தது, சிம்மோடு அல்ல. இலக்கம் அதேயானால் குழுக்களும் படங்களும் அப்படியே இருக்கும். தற்காலிக இலக்கத்துக்கு மாறவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

7. பழைய கம்பனியின் இறுதி பில் கட்டி முடியும் வரை வங்கியில் உள்ள நேரடிப் பற்றை நிறுத்த வேண்டாம். சிறு தொகை நிலுவையாக நின்றாலும் உங்கள் கடன் நன்மதிப்பு பாதிக்கப்படலாம். முன்பணச் சிம்மில் மீதிப் பணம் இருந்தால் முதலே பேசித் தீருங்கள். அது கூட வராது.

இலக்கம் ஒரு நாளில் மாறாமல் இழுபட்டால் முதலில் புதுக் கம்பனியிடம் கேளுங்கள். தாமதத்துக்கு நட்டஈடு கேட்கும் உரிமை உண்டு. முறைப்பாட்டைத் தீர்க்காமல் இழுத்தடித்தால் சுயாதீனமான நடுவரிடம் இலவசமாகக் கொண்டுபோகலாம். எந்த நடுவர் என்பதைக் கம்பனியே உங்களுக்குச் சொல்லவேண்டும்.

ஏழாவது பாடம்: கள்வரிடம் கவனம்

பக் கோட் என்பது வீட்டுத் திறப்புப் போன்றது. அதை வைத்திருப்பவர் உங்கள் இலக்கத்தைத் தன் சிம்முக்கு இழுத்துக்கொள்ளலாம். இலக்கம் அவரிடம் போனால் வங்கியின் இரகசிய எண்களும் அவருக்கே போகும்.

"உங்கள் கம்பனியிலிருந்து பேசுகிறோம், பாதி விலைக்குத் தருகிறோம், இப்போது வரும் எண்ணைச் சொல்லுங்கள்" என்று அழைத்தால் போனை வையுங்கள். எந்தக் கம்பனியும் அப்படிக் கேட்காது. பக் கோட்டை நீங்களாக அழைத்த புதுக் கம்பனிக்கு, அல்லது அவர்களுடைய இணையத்தளத்தில், மட்டும் கொடுங்கள். கோயிலில் உதவி செய்யும் எமக்குக்கூடச் சொல்லவேண்டாம். நீங்களே அழுத்துங்கள், நாம் பக்கத்தில் நிற்போம்.

நீங்கள் கேட்காமலே பக் கோட் வந்தால், அல்லது காரணமின்றித் திடீரெனச் சேவை நின்றால், உடனே வேறொரு தொலைபேசியில் இருந்து கம்பனிக்கு அழையுங்கள். 159 க்கு அழைத்தால் உங்கள் வங்கியோடு இணைப்பார்கள். சந்தேகமான குறுஞ்செய்திகளை 7726 க்கு அனுப்பிவையுங்கள்.

வாசகர் கேட்பவை

*ஊருக்கு மூன்று மாதம் போகிறேன். இலக்கத்தை எப்படிக் காப்பது?*
ஒப்பந்தம் முடிந்திருந்தால் போவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே முன்பணச் சிம் ஒன்றுக்கு இலக்கத்தை மாற்றுங்கள். மாதக் கட்டணம் இல்லை, இலக்கமும் இருக்கும். அந்த அம்மாவுக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுவே. ஒன்றை மறக்கவேண்டாம்: முன்பணச் சிம்மையும் பாவிக்காமல் விட்டால் இலக்கத்தை எடுத்துவிடுவார்கள். பல கம்பனிகள் சுமார் 6 மாதம் வரை பொறுக்கும். இடையிடையே ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்புங்கள்.

*ஊரில் நின்றுகொண்டே மாற்றலாமா?*
தவிர்ப்பது நல்லது. புதுச் சிம் முதலில் இந்த நாட்டில் உயிர்பெற வேண்டும். வெளிநாட்டுச் சேவை ஆரம்பத்தில் திறக்கப்படாமலும் இருக்கலாம்.

*அதே கம்பனியில் மலிவான திட்டத்துக்கு மாற பக் கோட் வேண்டுமா?*
வேண்டாம். அவர்களிடமே கேட்டால் போதும். ஆனால் பக் கோட் எடுத்த பின்னர்தான் சில கம்பனிகள் நல்ல விலை சொல்லும். கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

*கணவர் காலமாகிவிட்டார். அவர் பெயரில் உள்ள இலக்கத்தை வைத்திருக்கலாமா?*
இரத்துச் செய்ய முன்னர், பெயரை மாற்றித் தரும்படி கம்பனியிடம் கேளுங்கள். மரணச் சான்றிதழ் கேட்பார்கள். வங்கியும் அரச திணைக்களங்களும் அந்த இலக்கத்தோடு இணைந்திருக்கலாம். ஆகவே முதலில் இலக்கம், பிறகு மற்றவை.

நினைவில் நிற்க வேண்டியவை

முதலில் இரத்துச் செய்யாதீர்கள். 85075 இல் கணக்கைக் கேளுங்கள். கருவியின் பூட்டைச் சோதியுங்கள். வீட்டில் அலைவரிசை கேட்கிறதா பாருங்கள். புதுச் சிம் வந்தபின் 65075 இல் பக் கோட்டைப் பெறுங்கள். அதைப் புதுக் கம்பனிக்கு மட்டும் கொடுங்கள். ஒரு நாள் பொறுங்கள். இறுதி பில்லைக் கட்டுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவின் கைத்தொலைபேசியை வாங்கி நீங்களே படபடவென்று அழுத்தி முடிக்காமல், பக்கத்தில் இருந்து அவர்களை அழுத்தவிடுங்கள். பத்து நிமிடம் கூடப் போகும். ஆனால் அடுத்த முறை அவர்களே செய்வார்கள்.

அந்த அம்மா இப்போது புது இலக்கத்தோடு இருக்கிறார். சென்ற வருடம் கம்பனி மாறவேண்டி வந்தபோது தாமே 65075 க்கு அனுப்பிக் குறியீட்டைப் பெற்றார். எம்மிடம் காட்டவில்லை. "சொல்லக்கூடாது எண்டு நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள்" என்று சிரித்தார். கிளிநொச்சிச் சுவரிலும் இப்போது புது இலக்கம் எழுதியிருக்கிறதாம். அதை இனி ஒருபோதும் அழிக்க வேண்டி வராதிருக்கட்டும்.